19 வெற்றி, 31 தோல்வி: மோசமான தொடக்கத்தை எப்போ நம்பணும், எப்போ நம்பக்கூடாது?

2022 ஜூன் மாசம் என் சித்தப்பா பையன் ஒரு மெசேஜ் அனுப்பினான். "அண்ணா, 19-31 ஞாபகம் இருக்குல்ல? நானும் விடமாட்டேன்." கூடவே அவனோட டீமேட் கணக்கு ஸ்கிரீன்ஷாட். ஒரே ஒரு சின்ன கம்பெனிப் பங்கு. 212 ரூபாய்க்கு வாங்கியிருக்கான், 140-க்கு இறங்கினதும் இன்னும் கொஞ்சம், 96-க்கு இறங்கினதும் இன்னும் நிறைய. மொத்தம் 1,80,000 ரூபாய். வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷத்துல அவன் சேர்த்து வெச்ச பணம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

19-31ங்கிறது நம்ம சேனல்ல நான் சொன்ன கதை. "தோத்துக்கிட்டே இருந்தவங்க கடைசியில கப் அடிச்சாங்க, அதனால நீங்களும் விடாதீங்க"ன்னு எட்டு நிமிஷ வீடியோ. நல்லா ஓடின வீடியோதான். அதுல நான் சொன்னது எதுவும் பொய் இல்ல. ஆனா பாதிதான் சொன்னேன். மீதிப் பாதியைத்தான் இப்போ எழுதுறேன். பேஸ்பால் தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம். கிரிக்கெட் பார்க்கிறவங்களுக்கு இது புரியாத சமாச்சாரம் இல்ல.

அந்த வியாழக்கிழமை

2018-லிருந்து ரெண்டு வருஷம் ஆன்சைட்ல வர்ஜீனியாவுல இருந்தேன். பக்கத்து ஊர் அணி வாஷிங்டன் நேஷனல்ஸ். ஆபீஸ்ல கூட இருந்தவங்க கூட்டிட்டுப் போனாங்க, அப்படியே ஒட்டிக்கிச்சு.

2019 சீசன் ஆரம்பிக்கும்போதே மனசு சரியில்ல. அணியோட பெரிய நட்சத்திரம் பிரைஸ் ஹார்ப்பர், 13 வருஷத்துக்கு 33 கோடி டாலர் ஒப்பந்தத்துல ஃபிலடெல்ஃபியாவுக்குப் போயிட்டார். அது போதாதுன்னு ஏப்ரல் ரெண்டாம் தேதியே ட்ரே டர்னர் விரல் முறிஞ்சு ஆறு வாரம் வெளியே. ஆந்தனி ரெண்டான், ஹுவான் சோட்டோ ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்தி அடி.

அதைவிடக் கொடுமை புல்பென். விளக்கிடுறேன். ஆட்டத்தைத் தொடங்குற பிட்சர் முதல் அஞ்சாறு இன்னிங்ஸ் போடுவார். அப்புறம் வந்து ஆட்டத்தை முடிச்சுக் கொடுக்கிறவங்கதான் புல்பென். நம்ம ஊர் டெத் ஓவர் பவுலர்னு வெச்சுக்கோங்க. 15 ஓவர் வரைக்கும் அருமையா போட்டுட்டு கடைசி அஞ்சு ஓவர்ல கோட்டை விடுற அணியைப் பார்த்திருப்பீங்க இல்லையா? அதுதான் அன்னைக்கு நேஷனல்ஸ். டிரெவர் ரோசென்தால்னு ஒருத்தரை 70 லட்சம் டாலருக்கு எடுத்தாங்க. முதல் நாலு தடவை பந்து போட வந்தப்போ ஒருத்தரைக்கூட அவர் அவுட் ஆக்கல. பிட்சர் விட்டுக்கொடுத்த ரன்னை அவர் போட்ட இன்னிங்ஸால வகுத்துத்தான் சராசரி பார்ப்பாங்க. இவருக்கு வகுக்கிற எண்ணே பூஜ்யம். டிவியில சராசரிக்குப் பதிலா முடிவிலிக் குறி வந்துச்சு.

மே 23, வியாழக்கிழமை. நியூயார்க் மெட்ஸோட நாலாவது ஆட்டம், முதல் மூணும் தோல்வி. ஆபீஸ் நேரத்துல மேஜைக்குக் கீழ போனை வெச்சு ஸ்கோர் பார்த்துக்கிட்டிருந்தேன். எட்டாவது இன்னிங்ஸ்ல ஒருவழியா 4-3ன்னு முன்னால வந்தாங்க. அப்பாடான்னு காபி எடுக்கப் போயிட்டு வந்து பார்த்தா 6-4 பின்னால. மேனேஜர் டேவ் மார்ட்டினெஸ் அம்பயரோட சண்டை போட்டு வெளியேத்தப்பட்டிருந்தார். 50 ஆட்டத்துல 19 வெற்றி, 31 தோல்வி. மேனேஜரைத் தூக்குங்க, பெரிய ஆட்களை வித்துக் காசாக்குங்கன்னு எல்லாப் பக்கமும் ஒரே பேச்சு.

மறுநாள் வெள்ளிக்கிழமை நான் மைதானத்துக்குப் போனேன். மெட்ரோவுல பச்சை லைன் மாறி, நேவி யார்டு ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கிற தூரம். எதிரணி மயாமி, அந்த வருஷம் அந்தப் பிரிவுல கடைசியா முடிஞ்ச அணி. அந்த அணிகிட்டயே 10 ரன் விட்டுக்கொடுத்து 12-10ன்னுதான் ஜெயிச்சாங்க. திரும்பி வரும்போது சந்தோஷப்படுறதா வேண்டாமான்னே தெரியல.

அந்த வெள்ளிக்கிழமையையும் சேர்த்து மீதி 112 ஆட்டத்துல 74 வெற்றி, 38 தோல்வி. மொத்தம் 93-69. அக்டோபர் 30 அன்னைக்கு ஹூஸ்டன்ல ஏழாவது ஆட்டத்தை 6-2ன்னு ஜெயிச்சு உலகத் தொடர் கோப்பையைத் தூக்கினாங்க. என் வீடியோ இங்கதான் முடிஞ்சது.

முதல்ல கணக்கு

ஐ.பி.எல். லீக் சுற்றுல ஒரு அணிக்கு 14 ஆட்டம். பேஸ்பால்ல 162. அதாவது அங்க 10 ஆட்டம் முடிஞ்சிருக்குன்னா, ஐ.பி.எல். கணக்குல ஒரு ஆட்டம்கூட முழுசா முடியல. முதல் 10 ஆட்டத்துல 3-7ன்னு இருக்கிற அணியைப் பார்த்து "இந்த வருஷம் அவ்வளவுதான்"னு சொல்றது, ஐ.பி.எல்.ல முதல் மேட்ச் முடியறதுக்கு முன்னாலயே பிளே-ஆஃப் பட்டியல் போடுற மாதிரி.

162 ஆட்டத்தை 162 மாச எஸ்.ஐ.பி.யா நினைச்சுப் பாருங்க. பதிமூணரை வருஷம். இதுல முதல் 10 மாசம் சிவப்புல இருந்தா அது ஒரு பெரிய தகவலே இல்ல. இதை நான் சும்மா சொல்லல, அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். 2019 ஆகஸ்ட்ல ஒரு இண்டெக்ஸ் ஃபண்டுல எஸ்.ஐ.பி. ஆரம்பிச்சேன். 2020 ஜனவரியில 12,400-க்கு மேல போன நிஃப்டி மார்ச் 23 அன்னைக்கு 7,610-ல முடிஞ்சது. நான் பயந்து எஸ்.ஐ.பி.யை நிறுத்திட்டேன். எட்டே தவணை கட்டியிருந்தேன். திரும்ப ஆரம்பிக்கிறதுக்குள்ள மார்க்கெட் பழைய உச்சத்தைத் தாண்டிடுச்சு. 19-31-லிருந்து கோப்பை வரைக்கும் ஒரு அணி போனதைக் கண்ணால பார்த்த அதே ஆள்தான், அஞ்சு மாசம் கழிச்சு இந்தத் தப்பைப் பண்ணினேன். கதை தெரிஞ்சா மட்டும் புத்தி வந்துடாது போல.

அவங்க சும்மா காத்திருக்கல

நான் வீடியோவுல விட்ட முக்கியமான விஷயம் இதுதான். "விடாம நின்னாங்க"ன்னு சொன்னேன். உண்மையில அவங்க எதை விடல, எதை விட்டாங்கன்னு பார்த்தாதான் பாடம் புரியும்.

விடாதது: மேனேஜர். மேக்ஸ் ஷெர்சர், ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க், பேட்ரிக் கார்பின்ங்கிற மூணு பெரிய பிட்சர்கள். ரெண்டான், சோட்டோ, டர்னர்.

விட்டது: மே தொடக்கத்துலயே பிட்சிங் கோச்சை மாத்தினாங்க. ரோசென்தாலை ஜூன்ல அனுப்பிட்டாங்க. 70 லட்சம் டாலர் கொடுத்தாச்சேன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்காரல. ஜூலை கடைசி நாள்ல டேனியல் ஹட்சன் உட்பட மூணு புல்பென் பிட்சர்களை வாங்கினாங்க. உலகத் தொடரோட கடைசி அவுட்டை எடுத்தவர் அந்த ஹட்சன்தான். இன்னொரு அணி வேண்டாம்னு விடுவிச்ச ஹெரார்டோ பாராவை மே மாசம் சேர்த்துக்கிட்டாங்க. அவர் பேட்டிங் பண்ண வரும்போது 'பேபி ஷார்க்' பாட்டைப் போடச் சொல்லி, மொத்த மைதானத்தையும் ரெண்டு கையையும் நீட்டித் தட்ட வெச்சார். நானும் தட்டினேன், வெட்கமே இல்லாம.

தோல்விக்குக் காரணம் ரெண்டுதான்: காயம், புல்பென். முதலாவது தானா ஆறும். ரெண்டாவதை நடுவுல மாத்தலாம். அடித்தளம் பலமாத்தான் இருந்துச்சு. சீசன் முழுக்க அவங்க எடுத்த ரன் 873, கொடுத்த ரன் 724. பில் ஜேம்ஸ்ங்கிற புள்ளிவிவர எழுத்தாளரோட சூத்திரத்துல இதைப் போட்டா கிட்டத்தட்ட 96 வெற்றி வரணும், வந்தது 93. அதாவது அந்த 93 குருட்டு அதிர்ஷ்டம் இல்ல.

ஆனா கோப்பையில அதிர்ஷ்டமும் இருந்துச்சு, அதையும் ஒத்துக்கணும். அக்டோபர் 1, மில்வாக்கியோட ஒரே ஒரு ஆட்டம், தோத்தா வீட்டுக்கு. எட்டாவது இன்னிங்ஸ்ல 3-1ன்னு பின்னால. சோட்டோ அடிச்ச பந்து எதிரணி ஃபீல்டரைத் தாண்டி ஓடிடுச்சு, மூணு ரன். 4-3 வெற்றி. அந்தப் பந்து அவர் கையில நின்னிருந்தா நான் வீடியோவே போட்டிருக்க மாட்டேன். தம்பியும் அந்த மெசேஜை அனுப்பியிருக்க மாட்டான்.

அதே சட்டை, வேற அணி

இப்போ 2022-க்கு வருவோம். நான் சென்னைக்குத் திரும்பியாச்சு. ஆட்டம் நமக்கு விடியக்காலம் நாலு, நாலரைக்கு ஆரம்பிக்கும். அலாரம் வெச்சு எழுந்து பார்ப்பேன். மே மாசத்துலயே அணி தன் பிரிவுல கடைசி. வீட்டுல "தோக்கிறதைப் பார்க்கவா இந்நேரத்துக்கு எழுந்திருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. "2019-லயும் இப்படித்தான் இருந்துச்சு, பாரு"ன்னேன்.

இல்ல, இப்படி இல்ல. சட்டை மட்டும்தான் அது. ரெண்டான் 2019 முடிஞ்சதும் போயாச்சு. ஷெர்சரும் டர்னரும் 2021 ஜூலையில லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்குப் போயாச்சு. கார்பின் அந்த வருஷம் 6 வெற்றி, 19 தோல்வி. ஆகஸ்ட்ல சோட்டோவையும் சான் டியாகோவுக்குக் கொடுத்துட்டாங்க. சீசன் முடிவுல 55 வெற்றி, 107 தோல்வி. அந்த வருஷம் மொத்த லீக்லயே அதுதான் கடைசி.

ஸ்ட்ராஸ்பர்க் கதை இன்னும் வேதனை. 2019 உலகத் தொடரோட சிறந்த வீரர் அவர்தான். அந்தச் சூட்டோட டிசம்பர்ல 7 வருஷத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டாங்க. அதுக்கப்புறம் காயத்துக்கு மேல காயம். அந்த ஒப்பந்தத்துல அவர் ஆடினது மொத்தம் 8 ஆட்டம். அவர் மேல தப்பு சொல்ல முடியாது, உடம்பு ஒத்துழைக்கல. ஆனா போன வருஷம் முதலிடம் வந்த ஃபண்டைத் தேடிப் பிடிச்சு மொத்தப் பணத்தையும் போடுறவங்க இந்த 8-ஐ ஒரு சீட்டுல எழுதி வெச்சுக்கலாம்.

ஷெர்சர் விஷயம் வேற மாதிரி. அவருக்கு 7 வருஷத்துக்கு 21 கோடி டாலர்னு பேசி, அதுல பாதியைப் பின்னால தர்றதா ஒப்பந்தம். 2022-லிருந்து 2028 வரைக்கும் வருஷம் 1.5 கோடி டாலர். ஆள் வேற அணிக்குப் போனப்புறமும் இவங்க இ.எம்.ஐ. கட்டணும். இதைக் கேட்டுட்டுச் சிரிச்சிடாதீங்க. அந்தக் கடன்ல அவங்களுக்கு ஒரு கோப்பை கிடைச்சது. போனை இ.எம்.ஐ.ல வாங்கி, போன் உடைஞ்சப்புறமும் தவணை கட்டுற நம்மளைவிட அவங்க தேவலை.

திரும்பி வராதவங்க கதையை யாரும் வீடியோ போடுறதில்ல

2024-ல சிகாகோ ஒயிட் சாக்ஸ் தொடக்கம் 3 வெற்றி, 22 தோல்வி. அவங்க ரசிகர்கள்லயும் யாராவது 19-31-ஐச் சொல்லி ஆறுதல் தேடியிருப்பாங்க. சீசன் முடிவுல 41-121. 1900-க்கு அப்புறம் ஒரே சீசன்ல எந்த அணியும் இத்தனை ஆட்டம் தோத்தது இல்ல. எடுத்த ரன் 507, கொடுத்தது 813. ஒரு ஃபீல்டர் பந்தை விட்டதால வர்ற வித்தியாசம் இல்ல இது. அடித்தளமே இல்ல.

அவசரமும் உதவாது. 1988-ல பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் 6 ஆட்டம் தோத்த உடனே மேனேஜரை மாத்தினாங்க. புது மேனேஜர் வந்தப்புறமும் தொடர்ந்து 15 தோல்வி. முதல் வெற்றிக்கு முன்னால மொத்தம் 21. பிரச்சினை எங்க இருக்குன்னு பார்க்காம எதையோ மாத்தினா இப்படித்தான்.

மெட்ஸ் ரசிகர்கள் வேற அனுபவம் சொல்வாங்க. 2024-ல 0-5ன்னு ஆரம்பிச்சு, மே கடைசியில 22-33ன்னு இருந்து, 89-73ன்னு முடிச்சாங்க. ஆக, மோசமான தொடக்கத்துக்கு அப்புறம் ரெண்டுமே நடக்கும். ஆனா நம்ம காதுக்கு வர்றது திரும்பி வந்தவங்க கதை மட்டும்தான். ஏன்னா அதைத்தான் மக்கள் பார்க்கிறாங்க, அதைத்தான் என்னை மாதிரி ஆளுங்களும் எடுத்துப் போடுறோம்.

ஏப்ரல்ல நான் கேட்கிற மூணு கேள்வி

இப்பவும் நேஷனல்ஸ்தான் என் அணி. ஒவ்வொரு ஏப்ரலும் தோல்வியோடதான் விடியுது. ஆனா இப்போ பட்டியலைப் பார்த்து முடிவு பண்றதில்ல. மூணு கேள்வி கேட்டுக்கிறேன்.

ஒண்ணு, எத்தனை ஆட்டம் ஆச்சு? 10, 15 ஆட்டம்னா வாயைத் திறக்கிறதே இல்ல. பரவலான இண்டெக்ஸ் ஃபண்டுல முதல் வருஷ சிவப்புக்கும் இதே மரியாதைதான்.

ரெண்டு, தோல்வி எங்கிருந்து வருது? காயமா, புல்பென்னா, இல்ல மொத்த அணியுமா? பங்குன்னா, மார்க்கெட் மொத்தமும் இறங்கினதால இது இறங்குதா, இல்ல இந்தக் கம்பெனி மட்டும் இறங்குதா? விற்பனை இருந்தும் கையில காசு வரலையா? கடன் ஏறிக்கிட்டே போகுதா? புரமோட்டர் தன் பங்கை அடமானம் வெச்சிருக்காரா? இதெல்லாம் எக்ஸ்சேஞ்ச் தளத்துலயே போட்டிருக்கும். அரை மணி நேர வேலை.

மூணு, நம்பி வந்த ஆளுங்க இன்னும் உள்ள இருக்காங்களா? ஷெர்சரும் ரெண்டானும் சோட்டோவும் இருந்தப்போ 19-31ங்கிறது ஒரு மோசமான மாசம். அவங்க போனப்புறம் அதே எண்ணு வேற செய்தி. நீங்க ஒரு பங்கை எந்தக் காரணத்துக்காக வாங்கினீங்களோ அந்தக் காரணம் இன்னைக்கும் இருக்கா? இல்லன்னா, விலை 96-க்கு வந்தது தள்ளுபடி இல்ல.

வேலைக்கும் இதே கேள்விகள்தான். சேர்ந்த மூணாவது மாசமே பிடிக்கலன்னு பேப்பர் போடுறது ஒரு தப்பு. சொல்லிக்கொடுத்த மேனேஜர் போயி, நல்ல டீம் கலைஞ்சு, ரெண்டு வருஷமா ஹைக் இல்லாம, "திரும்பி வரும்"னு உட்கார்ந்திருக்கிறது இன்னொரு தப்பு.

அணிக்கும் பணத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். 107 தோல்வியிலயும் நான் நேஷனல்ஸ் ரசிகனாவே இருந்தேன். அதுல எனக்கு நஷ்டம் தூக்கம் மட்டும்தான். ரசிகனுக்கு விசுவாசம் அழகு. முதலீட்டாளருக்கு அது தேவையே இல்ல. நீங்க வித்துட்டீங்கன்னு எந்தப் பங்கும் வருத்தப்படப் போறதில்ல.

தம்பி அந்தப் பங்கை 2023 தொடக்கத்துல 31 ரூபாய்க்கு வித்தான். 1,80,000-க்கு 42,000 சொச்சம் கையில வந்துச்சு. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ ரெண்டு பேரும் திண்ணையில உட்கார்ந்து பேசினோம். "நீ மெசேஜ் அனுப்பின அன்னைக்கே நான் அந்த மூணு கேள்வியைக் கேட்டிருக்கணும்டா"ன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நீங்க தம்ஸ் அப் போட்டீங்கண்ணா"ன்னான்.

ஆமா. அன்னைக்கு நான் ஸ்கிரீன்ஷாட்டைச் சரியாக்கூடப் பார்க்காம ஒரு தம்ஸ் அப் போட்டேன். அதனாலதான் அந்த வீடியோவோட தலைப்பை மாத்திட்டு, கீழ இந்தக் கட்டுரையோட லிங்க்கையும் போட்டிருக்கேன். இப்போ அந்த 42,000 ஒரு இண்டெக்ஸ் ஃபண்டுல இருக்கு, மாசம் 4,000 எஸ்.ஐ.பி.யும் போகுது. முதல் அஞ்சாறு மாசம் ஆப்பைத் திறந்தே பார்க்காதடான்னு சொல்லியிருக்கேன். அவன் பார்க்கிறான்னு எனக்குத் தெரியும். நானும்தான் நாலு மணிக்கு எழுந்து ஸ்கோர் பார்க்கிறேன்.

(வழக்கமா சொல்றதுதான்: நான் செபியில பதிவு பெற்ற ஆலோசகர் இல்ல. இது என் அனுபவமும் கருத்தும் மட்டும்தான். உங்க பணத்துக்கு முடிவு உங்களோடது.)